டாலஸ்: ஒரு நெடுந்தொடர் தன் பார்வையாளரை இழந்த விதம்

டாலஸ் (1978–1991) அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நெடுந்தொடர். டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய்த் தொழில் செய்யும் யூயிங் குடும்பத்தின் கதை இது. டேவிட் ஜேக்கப்ஸ் உருவாக்கினார். லோரிமார் நிறுவனம் தயாரித்தது. 1978 ஏப்ரல் 2 அன்று ஐந்து வாரக் குறுந்தொடராகத் தொடங்கி, 14 சீசன்கள், 357 அத்தியாயங்கள் ஓடியது. 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியாக இருந்தது. பல நாடுகளில் பல மொழிகளில் ஒளிபரப்பானது.

நெடுந்தொடர்கள் ஏன் சரிகின்றன என்பதைப் புரிந்துகொள்ள டாலஸ் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் வீழ்ச்சிக்குப் புறக்காரணங்களும் உண்டு. ஆனால் 1984 முதல் 1987 வரை எடுக்கப்பட்ட சில கதை முடிவுகளும் நடிகர் தேர்வு முடிவுகளும் அந்த வீழ்ச்சியை விரைவுபடுத்தின. அந்த முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் அவை அனைத்தும் ஒரே தவறின் வெவ்வேறு வடிவங்கள் என்பது புலப்படும். பார்வையாளர் நினைவில் வைத்திருப்பதை மறந்துவிடச் சொல்வதே அந்தத் தவறு.

நெடுந்தொடரின் மூலதனம்

ஒரு திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. அதற்குத் தேவையான நினைவுகள் அனைத்தையும் அந்தப் படமே தந்துவிடுகிறது. நெடுந்தொடர் அப்படியல்ல. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் வரும் கதையில் ஒரு சாதாரண உரையாடலுக்குக்கூட எடை சேர்வது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பார்வையாளர் நினைவில் வைத்திருப்பதால்தான். யார் யாருக்குத் துரோகம் செய்தார், யார் எந்தக் குழந்தையை இழந்தார், எந்தப் பகை எங்கே தொடங்கியது என்ற கணக்கு முழுவதும் பார்ப்பவரிடம் இருக்கிறது. எழுத்தாளர் அதைக் கடனாகப் பெற்றுத்தான் கதை நடத்துகிறார்.

டாலஸின் தொடக்கக் கதையே இத்தகைய நினைவின் மேல் கட்டப்பட்டது. யூயிங் குடும்பத்தின் இளைய மகன் பாபி (பேட்ரிக் டஃபி), தன் குடும்பத்துக்குப் பரம்பரைப் பகையான பார்ன்ஸ் குடும்பத்துப் பெண் பமீலாவை (விக்டோரியா பிரின்சிபல்) மணந்து சவுத்ஃபோர்க் பண்ணைக்கு அழைத்து வருகிறான். பாபியின் தந்தை ஜாக்கும் பமீலாவின் தந்தை டிகரும் ஒரு காலத்தில் தொழில் பங்காளிகள். இருவருமே மிஸ் எல்லியை விரும்பியவர்கள். எல்லி ஜாக்கை மணந்தாள். அந்தப் பழைய காயத்திலிருந்துதான் பிந்தைய பகை முழுவதும் வளர்கிறது. மூத்த மகன் ஜே.ஆர். (லாரி ஹேக்மன்) தொடக்கத்தில் இரண்டாம் நிலைப் பாத்திரம்தான். ஹேக்மனின் நடிப்பால் அவனே தொடரின் மையமானான்.

பின்விளைவு உள்ள திருப்பம்

டாலஸ் உலகப்புகழ் பெற்றது ஒரு துப்பாக்கிச் சூட்டினால். 1980 மார்ச் 21 அன்று ஒளிபரப்பான சீசன் இறுதி அத்தியாயத்தில் ஜே.ஆர். சுடப்படுகிறான். சுட்டவர் யார் என்பது தெரியவில்லை. ஹேக்மனின் ஊதியப் பேச்சுவார்த்தையும் அந்த ஆண்டின் நடிகர் வேலைநிறுத்தமும் விடையைத் தள்ளிப்போட்டன. 1980 நவம்பர் 21 அன்று விடை வந்த அத்தியாயத்தை அமெரிக்காவில் மட்டும் எட்டு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர்.

இது பார்வையாளரைத் தக்கவைக்கும் உத்திதான். ஆயினும் அது வெறும் உத்தியாக நின்றுவிடவில்லை. சுட்டவள் ஜே.ஆரின் மனைவி சூ எலனின் தங்கை கிறிஸ்டின். அவளுக்கும் ஜே.ஆருக்கும் இருந்த உறவு ஏற்கெனவே கதையில் சொல்லப்பட்டது. பின்னர் அவள் இறக்கிறாள். அவள் பெற்ற குழந்தையைப் பாபியும் பமீலாவும் வளர்க்கின்றனர். ஒரு துப்பாக்கிக் குண்டு பல ஆண்டுகளுக்குக் கதைக்குத் தீனி போட்டது. திருப்பத்தின் மதிப்பை அது தரும் அதிர்ச்சியைக்கொண்டு அளக்க முடியாது. அதற்குப் பின் எத்தனை பேருடைய வாழ்க்கை மாறுகிறது என்பதே அளவுகோல்.

ஜாக் யூயிங்: சரியாகக் கையாளப்பட்ட இழப்பு

குடும்பத் தலைவர் ஜாக் யூயிங்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981 ஏப்ரலில் காலமானார். தயாரிப்பாளர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. வேறொருவரை அந்த வேடத்தில் நடிக்க வைக்கலாம். அல்லது பாத்திரத்தையும் முடித்துவிடலாம். அவர்கள் அவசரப்படவில்லை. ஜாக் தென் அமெரிக்காவுக்கு எண்ணெய்ப் பணிக்குச் சென்றிருப்பதாகச் சில காலம் கதை நகர்ந்தது. பிறகு ஹெலிகாப்டர் விபத்தில் அவர் மறைந்த செய்தி வந்தது.

அந்த இழப்பை மிஸ் எல்லி ஏற்க மறுத்ததும், பின்னர் மெல்ல ஏற்றுக்கொண்டதும் பார்பரா பெல் கெட்டஸின் சிறந்த காட்சிகளாக அமைந்தன. தந்தையின் இடத்துக்குப் பிள்ளைகள் போட்டியிட்டது அடுத்த ஆண்டின் கதையானது. பார்வையாளர் ஒரு நடிகரை இழந்த துக்கமும் கதைமாந்தர் ஒரு தந்தையை இழந்த துக்கமும் ஒன்றாகின. தொடர் தன் முதலிடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. நடிகர் இழப்பு ஒரு நெடுந்தொடரைக் கொன்றுவிடாது என்பதற்கு டாலஸே சான்று.

தாயின் முகம் மாறியபோது

மூன்று ஆண்டுகளுக்குப் பின் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. உடல்நலக் காரணங்களால் பெல் கெட்டஸ் 1984இல் விலகினார். மிஸ் எல்லி வேடத்துக்கு டோனா ரீட் ஒப்பந்தமானார். அவர் எளிய நடிகை அல்லர். ஆஸ்கர் விருது பெற்றவர். கதைப்படி மிஸ் எல்லி தன் இரண்டாம் கணவர் கிளேட்டனுடன் தேனிலவு சென்றிருந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. கதையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“இவருக்குப் பதில் இவர்” என்ற அறிவிப்பு தமிழ்த் தொடர் பார்ப்பவர்களுக்குப் பழக்கமானது. சிறிய வேடங்களில் அதைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். மிஸ் எல்லி அப்படிப்பட்ட வேடமல்ல. கணவனையும் பிள்ளைகளையும் ஒரே பார்வையில் அடக்கக்கூடிய பண்ணைவீட்டுப் பெண்ணாக ஆறு ஆண்டுகள் அந்த வேடத்தைச் செதுக்கியவர் பெல் கெட்டஸ். ரீட் கொண்டுவந்தது நகரத்து நளினம். அது நடிப்பின் குறை அல்ல, பொருத்தத்தின் குறை. ஜே.ஆர். தலைகுனியும் ஒரே ஆள் அவன் தாய். அந்தத் தாயின் பின்னால் இருந்த நினைவுகள் புதிய முகத்துக்கு மாறவில்லை.

அடுத்த ஆண்டே பெல் கெட்டஸ் திரும்ப வந்தார். ஒப்பந்தம் இருக்கும்போதே நீக்கப்பட்ட ரீட் வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றத்துக்கு வெளியே பணம் பெற்றுச் சமரசமானது. 1986 ஜனவரியில் அவர் காலமானார். திரையில் மிஸ் எல்லியின் முகம் மீண்டும் மாறியது. மீண்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ‘நீங்கள் பார்த்ததைப் பார்க்காததாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று தொடர் தன் பார்வையாளரிடம் கேட்டது. அப்படிக் கேட்பது அத்துடன் முடியவில்லை.

பாபியின் மரணம்

பேட்ரிக் டஃபி தன் ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் விலக விரும்பினார். 1985 மே 17 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில், பமீலாவை நோக்கி வேகமாக வரும் காரின் முன்னால் பாய்ந்து அவளைத் தள்ளிவிட்டுப் பாபி அடிபடுகிறான். மருத்துவமனையில் குடும்பத்தார் சூழ்ந்து நிற்க உயிர்விடுகிறான். டாலஸின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

எழுத்து நோக்கில் இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஜாக் மறைந்தபோது உடல் கிடைக்கவில்லை. பாபியின் மரணத்திலோ எல்லாக் கதவுகளும் மூடப்பட்டன. அவன் இறுதி மூச்சைக் குடும்பமும் பார்வையாளரும் நேரடியாகக் கண்டனர். திரும்ப அழைக்கும் எண்ணம் வந்தால் நேர்மையான வழி எதுவும் இல்லாதபடி அந்தக் காட்சி எழுதப்பட்டிருந்தது. கலை நோக்கில் அதுவே அதன் வலிமை.

பாபி இல்லாத 1985–86 சீசன் தடுமாறியது. தொடரின் நீண்டகாலத் தயாரிப்பாளரும் எழுத்தாளருமான லெனர்ட் காட்ஸ்மன் அப்போது விலகியிருந்தார். கிரேக்கக் கப்பல் வணிகம், கொலம்பியாவில் மரகத வேட்டை என்று கதை சவுத்ஃபோர்க்கை விட்டு வெகுதூரம் போனது. தரவரிசையில் இரண்டாம் இடத்திலிருந்த தொடர் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. ஹேக்மன், டஃபியைத் திரும்ப வருமாறு வற்புறுத்தினார். காட்ஸ்மனும் திரும்பினார்.

பாபியை மீட்க வேண்டும் என்ற முடிவில் தவறில்லை. ஜே.ஆருக்கு எதிரெடை இல்லாமல் அந்தக் கதை நிற்காது. தீமை செய்யும் அண்ணனைத் தடுக்க நேர்மையான தம்பி தேவை. நடிகர் தேர்வில் அது சரியான முடிவு. அதைக் கதையில் நிறைவேற்றிய விதமே கேடு செய்தது.

கனவாகிப்போன ஓராண்டு

1986 மே 16 அன்று ஒளிபரப்பான சீசன் இறுதியில், மார்க் கிரேசனை மணந்த மறுநாள் காலையில் பமீலா கண்விழிக்கிறாள். குளியலறையில் தண்ணீர் விழும் ஒலி. கதவைத் திறந்தால் பாபி திரும்பிப் பார்த்து வணக்கம் சொல்கிறான். இந்த இரகசியம் வெளியே கசியாதிருக்க, டஃபியின் பகுதி ஒரு சோப்பு விளம்பரம்போலத் தனியாகப் படமாக்கப்பட்டது.

கோடை முழுவதும் பார்வையாளர்கள் விளக்கம் தேடினர். இவன் பாபியைப் போலத் தோற்றமளிக்கும் வேறொருவனா, இரட்டைப் பிறவியா என்று ஊகித்தனர். செப்டம்பர் 26 அன்று விடை வந்தது. பாபி இறக்கவே இல்லை. அவன் மரணமும் அதற்குப் பின் வந்த 31 அத்தியாயங்களும் பமீலா ஓரிரவில் கண்ட கனவு.

இந்த விளக்கம் தன் சொந்த விதியைக்கூடக் காப்பாற்றவில்லை. அந்த 31 அத்தியாயங்களில் பெரும்பாலான காட்சிகளில் பமீலா இல்லை. ஜே.ஆர். தனியறையில் பேசிய வணிக பேரங்கள், அவள் சந்தித்தே இராதவர்களின் சூழ்ச்சிகள் எல்லாம் அவள் கனவுக்குள் எப்படி வந்தன? கனவு என்பது கதைக்குள் பிறந்த விடையல்ல, வெளியிலிருந்து ஒட்டப்பட்டது.

கனவு அழித்தவை

இந்த முடிவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குளியலறைக் காட்சியின் வேடிக்கையோடு நின்றுவிடுகின்றனர். உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஓராண்டில் மற்றக் கதைமாந்தர்கள் வாழ்ந்த வாழ்க்கைதான் அது.

அந்த ஆண்டில் சூ எலன் குடிப்பழக்கத்தில் தெருவரை வீழ்ந்து பின்னர் மீண்டாள். லிண்டா கிரே அந்த வேடத்தில் செய்த கடினமான பணிகளில் அதுவும் ஒன்று. ரேயும் டோனாவும் தங்கள் பிறக்காத குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருப்பதை அறிந்து, அந்தக் குழந்தையையும் இழந்து, பின்னர் காதுகேளாத ஒரு சிறுவனிடம் பற்றுக்கொண்டனர். அன்றைய மாலை நேரத் தொலைக்காட்சி அதிகம் தொடாத பொருள் அது. காலையில் பமீலா கண்விழித்ததும் சூ எலனின் மீட்சி இல்லாமல் போனது. அந்தத் தம்பதியின் துக்கமும் இல்லாமல் போனது.

ஒருவர் துக்கத்தில் நாம் பங்குகொண்ட பின், அந்தத் துக்கம் நடக்கவே இல்லை என்று சொன்னால் நாம் மகிழ்வதில்லை. ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறோம். பாபிக்காக அழுத பார்வையாளருக்கு அவன் உயிரோடு வந்தது ஒரு வாரம் நிம்மதி தந்திருக்கலாம். அடுத்த முறை ஒருவர் சாகும்போது அவர் அழமாட்டார். இதுவே இந்த முடிவின் உண்மையான விலை. இறந்தகாலத்தை மட்டும் அது அழிக்கவில்லை. இனி வரப்போகும் எல்லா மரணங்களின் எடையையும் குறைத்துவிட்டது.

அதே 1986–87 சீசனில் இந்த விலை வெளிப்பட்டது. வெஸ் பார்மலி (ஸ்டீவ் ஃபாரஸ்ட்) என்பவன் தானே ஜாக் யூயிங் என்று சொல்லிக்கொண்டு வந்தான். விபத்தில் தப்பித்து, முகம் சிதைந்து, சிகிச்சையால் மாறியதாகச் சொன்னான். தனியாகப் பார்த்தால் இது நல்ல கதைக்கரு. மிஸ் எல்லியின் தவிப்புக்கு அதில் இடமிருந்தது. ஆனால் ஒரு மரணத்தைக் கனவென்று தள்ளிய சில வாரங்களில், தொடர் மிகுந்த மரியாதையுடன் கையாண்ட மற்றொரு மரணத்தையும் கலைக்கத் தொடங்கியது. இறுதியில் அவன் ஜாக் அல்ல என்று தீர்ந்தது. ஆனாலும் 1982இல் எழுதப்பட்ட அந்த அமைதியான இழப்பின் மேலும் ஒரு சந்தேகக் கீறல் விழுந்துவிட்டது.

மீட்ட ஜோடியும் நிலைக்கவில்லை

கனவு உத்தியின் பயன் என்னவாக இருந்திருக்க வேண்டும்? பாபியும் பமீலாவும் மீண்டும் இணைவது. அவர்கள் 1986இல் மறுமணம் செய்துகொண்டனர். ஆனால் விக்டோரியா பிரின்சிபல் 1987இல் தொடரிலிருந்து விலகினார். பமீலாவின் கார் எரிபொருள் லாரியில் மோதித் தீப்பற்றியது. உடல் முழுவதும் கட்டுகளோடு கிடந்த அவள் பின்னர் மருத்துவமனையிலிருந்து மறைந்தாள். 1988இல் வேறொரு நடிகை பமீலாவாக ஓர் அத்தியாயத்தில் தோன்றி, தான் திரும்பப்போவதில்லை என்று சொல்லிச் சென்றாள்.

31 அத்தியாயங்களை விலையாகக் கொடுத்து மீட்ட ஜோடி ஒரே சீசனில் கலைந்தது. அதோடு தொடரின் அடித்தளமும் போனது. இரு குடும்பப் பகை என்ற கதை பாபி–பமீலா திருமணத்தின் மேல் நின்றது. பமீலா இல்லாதபோது அவள் அண்ணன் கிளிஃப் பார்ன்ஸுக்கும் ஜே.ஆருக்கும் இடையிலான பகை வெறும் வணிகப் போட்டியாகச் சுருங்கியது. தரவரிசை 1986–87இல் 11ஆம் இடம், அடுத்த ஆண்டு 22ஆம் இடம் என்று சரிந்தது.

பிந்தைய ஆண்டுகளில் பழைய முகங்கள் ஒவ்வொன்றாக விலகின. 1989இல் லிண்டா கிரேயும் 1990இல் பெல் கெட்டஸும் வெளியேறினர். ஜே.ஆருக்கு இளம் மனைவி, அவன் அறியாத ஒரு மகன் என்று புதிய பாத்திரங்கள் வந்தன. அவர்களைப் பற்றிப் பார்வையாளரிடம் எந்த நினைவும் இல்லை. நினைவை உருவாக்கத் தேவையான காலமும் தொடரிடம் மிச்சமில்லை.

1991 மே 3 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில், ஜே.ஆர். பிறக்காமலே இருந்திருந்தால் மற்றவர்கள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று ஓர் அமானுடன் அவனுக்குக் காட்டுகிறான். 1946இல் ஃபிராங்க் கேப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ திரைப்படத்தின் அமைப்பு அது. அந்தப் படத்தின் நாயகி டோனா ரீட். ஓராண்டில் விலக்கப்பட்ட தாயின் நிழல் கடைசி அத்தியாயத்தில் தற்செயலாக வந்து விழுந்தது.

இரண்டு ஒப்பீடுகள்

டாலஸின் போட்டியான ‘டைனஸ்டி’ 1984–85இல் முதலிடத்தில் இருந்தது. அதன் சீசன் இறுதியில் மால்டேவியா என்ற நாட்டின் அரச திருமணத்தில் துப்பாக்கி ஏந்தியவர்கள் நுழைந்து சுட்டனர். முக்கியப் பாத்திரங்கள் அனைவரும் சரிந்து கிடக்கக் காட்சி முடிந்தது. புதிய சீசனில் இரண்டு சிறு பாத்திரங்கள் மட்டுமே இறந்ததாகத் தெரிந்தது. மற்றவர்கள் எழுந்து நடந்தனர். ஃபாலன் வேடத்தில் பமீலா சூ மார்ட்டினுக்குப் பதிலாக எம்மா சாம்ஸ் வந்தபோது, அமெரிக்கக் குடும்பத்து மகளின் பேச்சில் பிரித்தானிய உச்சரிப்பு கேட்டது. ஓராண்டில் அந்தத் தொடர் ஏழாம் இடத்துக்கும், அடுத்த ஆண்டு இருபதுக்கும் கீழேயும் இறங்கி 1989இல் முடிந்தது. டாலஸைப் போலவே இங்கும் அதிர்ச்சி இருந்தது, பின்விளைவு இல்லை.

‘நாட்ஸ் லேண்டிங்’ டாலஸிலிருந்து கிளைத்த தொடர், ஜேக்கப்ஸ் உருவாக்கியதே. யூயிங் குடும்பத்தின் நடு மகன் கேரி அதன் முக்கியப் பாத்திரம். பாபி இறந்தபோது கேரி அங்கே துக்கம் அனுசரித்தான். டாலஸ் அந்த மரணத்தைக் கனவாக்கியபோது, நாட்ஸ் லேண்டிங் தன் கதையைத் திருத்திக்கொள்ளவில்லை. இரு தொடர்களுக்கும் இடையிலான பாத்திரப் போக்குவரத்து நின்றது. தன் பார்வையாளர் கண்டதை அது மதித்தது. டாலஸ் முடிந்த பின்னும் இரண்டு ஆண்டுகள் ஓடி 1993இல் நிறைவடைந்தது.

புறக்காரணங்கள்

டாலஸின் சரிவு முழுவதையும் ஒரு குளியலறைக் காட்சியின் மேல் சுமத்துவது நியாயமாகாது. 1980களின் நடுவில் கேபிள் தொலைக்காட்சியும் வீடியோ கருவியும் பரவின. ‘தி காஸ்பி ஷோ’ போன்ற குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் முதலிடம் பிடித்தன. செல்வந்தர் குடும்பக் கதைகள் மீதான மோகம் பொதுவாகவே தணிந்தது. ‘ஃபால்கன் கிரெஸ்ட்’ தொடரும் 1990இல் முடிந்தது. பதினான்கு ஆண்டுகள் எந்தக் கதையும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

ஆயினும் இந்தக் காரணங்கள் எல்லாத் தொடர்களுக்கும் பொதுவானவை. புதிய பார்வையாளர்கள் வராமல் போனதற்கு அவை விளக்கம் தரும். பல ஆண்டுகள் பார்த்தவர்களும் எழுந்துபோனதற்கு அவை மட்டும் போதுமான விளக்கமல்ல.

மதிப்பீடு

டாலஸ் பற்றிய பொதுவான கருத்து, பாபியைக் கொன்றது தவறு என்பது. அதைவிடத் துல்லியமான மதிப்பீடு வேறு. கொன்றது நல்ல அத்தியாயத்தைத் தந்தது. மீட்டதும் தேவையான முடிவுதான். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஓராண்டைப் பார்த்த கோடிக்கணக்கானவர்களின் நேரத்துக்குத் தொடர் மதிப்புத் தரவில்லை என்பதே தவறு. மிஸ் எல்லியின் முகம் இருமுறை மாறியபோது தொடங்கிய பழக்கம் கனவில் முழுமை பெற்றது.

இதற்கு எதிர்ச்சான்று 2012இல் கிடைத்தது. டி.என்.டி. தொலைக்காட்சி டாலஸைப் புதுப்பித்தபோது ஹேக்மன், டஃபி, லிண்டா கிரே ஆகியோர் முதுமை தெரியும் முகங்களோடு அதே வேடங்களில் வந்தனர். அந்த ஆண்டு நவம்பரில் ஹேக்மன் காலமானார். வேறு எவரையும் ஜே.ஆராக்கவில்லை, மரணத்தை மறைக்கவுமில்லை. 2013இல் ஜே.ஆருக்குத் திரையில் இறுதிச் சடங்கு நடந்தது. 1982இல் ஜாக் யூயிங்குக்குக் காட்டிய மரியாதையைத் தொடர் மீண்டும் கண்டெடுத்தது. புதுப்பிக்கப்பட்ட தொடர் மூன்று சீசன்களில் முடிந்துபோனாலும், அந்த இறுதிச் சடங்கில் சூ எலன் நின்ற காட்சிக்கு முப்பது ஆண்டு நினைவின் எடை இருந்தது.

நடிகர் விலகலாம், இறக்கலாம், ஊதியப் பிணக்கு வரலாம். நெடுந்தொடரில் இவை தவிர்க்க முடியாதவை. அப்போது எழுத்தாளர் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சிக்கலிலிருந்து எப்படித் தப்புவது என்பதல்ல. இதுவரை பார்த்தவர் எதை நம்பியிருக்கிறார், அதை எப்படிக் காப்பது என்பதே. அந்தக் கேள்வியைக் கேட்ட ஆண்டுகளில் டாலஸ் இழப்புகளைத் தாங்கி நின்றது. கேட்க மறந்த ஆண்டுகளில், மீட்டெடுத்த நாயகனைக்கொண்டும் அதனால் நிற்க முடியவில்லை.